மஞ்சள் பூசிய ஒன்பது வெள்ளிக்கிழமைகள்

ஜார்ஜ்டவுன்,
17.3.1989, வெள்ளி

அன்பு மகள் அருந்ததிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், லிப்ட் மட்டும் மறுபடியும் கெட்டுப்போய்விட்டது, பத்து மாடியும் நடைதான். நீயும் லீட்ஸ் குளிரில் வார்டு வேலையும் தாதிப் படிப்புமாக உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேற்று என் முதுகலை ஆய்வுக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது, அம்மா பாஸ். இன்று காலை ஏழு மாதம் கழித்து மஞ்சள் பூசிக் குளித்தேன். பரீட்சைக்கும் மஞ்சளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். வெட்கத்தில் உனக்கு இதுவரை எழுதாமல் விட்ட கதை அது.

போன மே மாதம் நீ விமானம் ஏறியபோது நான் கொசுக் கூண்டுக்குள் கையை விட ஆரம்பித்திருந்தேன், நினைவிருக்கும். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் அதே இனம்தான், ஆனால் ஆய்வுக்கூடத்திலேயே முட்டையிலிருந்து வளர்த்த நோயில்லாத கொசுக்கள். ஒரு கையில் எலுமிச்சை வாசம் அடிக்கும் செராய்ப் புல்லில் இறக்கிய எண்ணெய், இன்னொன்று வெறுங்கை, மூன்று நிமிடத்தில் எதில் எத்தனை கொசு உட்காருகிறது என்று எண்ண வேண்டும். வெறுங்கையில் நிறைய உட்கார்ந்தால்தான் எண்ணெய் கொசுவை விரட்டுகிறது என்று சொல்ல முடியும். திங்களும் புதனும் வெறுங்கையில் முப்பது, நாற்பது என்று மொய்க்கும். வெள்ளிக்கிழமை வந்தால் நான்கு, ஐந்து, ஒரு நாள் இரண்டே இரண்டு. ஒன்பது வாரம் இப்படியே போனது. மேற்பார்வையாளர் டாக்டர் கதிர்காமநாதன் கையில் சோப்பு, சென்ட், பவுடர் ஏதாவது போடுகிறீர்களா என்று இரண்டு தரம் கேட்டார், இல்லை என்று இரண்டு தரமும் சொன்னேன். பொய் சொல்லவில்லை அருந்ததி, மஞ்சளைப் பூசும் பொருளாகவே எனக்குத் தோன்றவில்லை, அது குளிப்பதில் சேர்த்தி. கொசுக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் காமாரியாதான் என்னைக் கிண்டல் செய்வாள், உங்க ஆளுங்க வெள்ளிக்கிழமை சைவம்னு கொசுவுக்கும் சொல்லிக் குடுத்துட்டீங்களா அக்கா என்று மலாயில் கேட்டுவிட்டுச் சிரிப்பாள். அப்படிச் சிரித்தவளே ஆகஸ்டில் ஒரு நாள் என் வெள்ளைக் கோட்டைத் துவைக்க எடுத்தபோது கைப்பட்டியில் மஞ்சள் கறையைப் பார்த்து, இந்தக் கறை வெள்ளிக்கிழமைக் கோட்டில் மட்டும் ஏன் என்று கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, கொசுவை விரட்டியது நான் வெள்ளிதோறும் பூசிக் குளிக்கும் மஞ்சள்.

டாக்டரிடம் அன்றைக்கே சொன்னேன், அவர் கோபிக்கவில்லை. மாரியம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, எல்லாம் முடிகிற வரைக்கும் மஞ்சளை நிறுத்தினேன், ஒன்பது சோதனைகளையும் திரும்பச் செய்தேன், எண்கள் சரியாக வந்தன. ஆய்வேட்டில் இதை எப்படி எழுதுவது என்று கேட்டதற்கு, தோலில் இருந்த அந்நியப் பொருளால் ஒன்பது நாள் முடிவுகள் விலக்கப்பட்டன என்று ஒரு வரி போதும் என்றார். யாருடைய தோல், என்ன பொருள் என்று எழுத வேண்டியதில்லை என்பதில் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

நேற்று அந்த ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கோலாலம்பூரிலிருந்து வந்த தேர்வாளர் மெல்லிய குரலில் பேசுகிற மனிதர். ஒரு மணி நேரம் எல்லாம் நல்லபடியாகப் போனது. பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விலக்கிய ஒன்பதும் வெள்ளிக்கிழமை, ஒன்பதும் உங்கள் முடிவுக்கு எதிரானவை, பிடிக்காத எண்களைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்று நான் ஏன் நினைக்கக் கூடாது என்று கேட்டார். மூன்று வருட உழைப்பும் அந்த மேசைமேல் நின்றது. டாக்டர் கதிர்காமநாதன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். என் தலை தானாகவே குனிந்தது. அப்போது பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் நீ சொன்னது காதில் விழுந்தது, யாராச்சும் கேள்வி கேட்டா தலையக் குனிஞ்சிக்காதீங்கம்மா, வாயத் திறந்து சொல்லுங்க என்று. நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்.

"அது என் கை, சார். அதில் இருந்தது மஞ்சள். நான்தான் பூசினேன்."

அதன் பிறகு பயமே இல்லை. வெள்ளிக்கிழமைக் குளியல், காமாரியா பார்த்த கறை, எல்லாவற்றையும் என் ஆங்கிலத்தில் சொன்னேன். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது வெள்ளிக்கிழமை எண்களும் அடிக்காமல் அழிக்காமல் அப்படியே இருந்தன. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். எவ்வளவு மஞ்சள் பூசுவீர்கள் என்று கேட்டார். அளந்து பூசுகிறவர்கள் யாருமில்லை என்று சொல்லி, கல்லில் கிழங்கை உரைத்து முழங்கை வரைக்கும் தேய்ப்பதைச் செய்து காட்டினேன். தேர்வுக் குழுவின் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான். என்னை வெளியே உட்கார வைத்துத் திரும்பக் கூப்பிட்டபோது, பாஸ், ஒரே ஒரு திருத்தம், அந்த ஒன்பது நாளையும் மறைக்காமல் முழுப் பக்கமாக எழுத வேண்டும் என்றார்கள். போகும்போது தேர்வாளர் என்னிடம், மஞ்சளை விடாதீர்கள், அதிலே இன்னொரு பட்டத்துக்கான வேலை இருக்கிறது என்றார். சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் அப்பா கையெழுத்தே போடத் தெரியாமல் போய்ச் சேர்ந்தவர். அவர் மகளிடம் இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

உன் அப்பா முதல் ஷிப்டுப் பெண்களை இறக்கிவிட்டு, பேக்டரி பஸ்ஸோடு வந்து பல்கலைக்கழக மரத்தடியில் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கதவைத் திறந்து, மாஸ்டர் டிகிரிக்காரங்க முன் சீட்டுல உக்காருங்க லா என்றார். நாற்பத்து நான்கு இருக்கைப் பஸ்ஸில் நான் ஒருத்தி மட்டும் வீடு வந்து சேர்ந்தேன்.

இன்று காலை அந்தப் பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். 'இந்த ஆய்வை நடத்தியவர் வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கமுள்ளவர்' என்று ஆரம்பிக்கிறது. காமாரியா பெயரையும் போட்டிருக்கிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, கையுறை கிழிந்திருந்தால் புதிது வாங்கிக்கொள், தாதி உடுப்பில் ஒரு படம் எடுத்து அனுப்ப மறக்காதே. எங்கே நின்றாலும் நிமிர்ந்து நிற்க அம்மன் உனக்குத் துணை இருக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் என்றும் உண்டு. தாளின் ஓரத்தில் என் கை மஞ்சள் ஒட்டியிருக்கிறது. வேறு தாள் எடுக்கத்தான் நினைத்தேன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன் அம்மா,
ஜெயலெட்சுமி