கூடைக்கார அக்கா

பிரியமுள்ள வீட்டம்மாவுக்கு,

உன் உடம்பும் அம்மாவின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன? நான் சௌக்கியம்.

போன வாரம் இங்கே வெளிநாட்டில் நாங்கள் கட்டுகிற கட்டடத்தில் புதிதாக ஒரு பெயின்டர் சேர்ந்தான். நம் பக்கத்து ஊர்க்காரன். சாப்பிடும்போது நம் ஊரைச் சொன்னதும் தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"கூடைக்கார அக்கா ஊராண்ணே?"

"யாருப்பா அது?"

நம் ஊர் வழியாக அவன் ஊருக்குப் போகிற ரோடு சரியில்லை என்று பஸ் விட மறுத்தார்களாம். பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார்களாம். ஓர் அக்கா தினமும் விடியலில் கூடையில் சரளைக்கல் சுமந்து, தனி ஆளாகப் பள்ளங்களை நிரப்பினாராம். ஊரே சிரித்ததாம். மூன்றாம் மாதம் சிரித்தவர்களே மண்வெட்டியோடு வந்தார்களாம்.

"இப்ப பஸ் வருதுண்ணே. என் தங்கச்சி மறுபடி படிக்கப் போறா. இத்தனைக்கும் அந்த அக்கா வீட்டுல படிக்கிற புள்ள யாருமில்ல."

"எந்த வீடு?"

"தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடு."

அங்கே இருப்பது நம் வீடு ஒன்றுதானே! "அது என் வீட்டுக்காரிப்பா" என்றேன். அவன் எழுந்தே நின்றுவிட்டான். கண் கலங்கியதற்குச் சாப்பாட்டுக் காரத்தின் மேல் பழியைப் போட்டேன்.

போனில் கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று முடித்துவிடுகிறாய். சொன்னால் தடுப்பேன் என்று நினைத்தாயா? தடுத்துத்தான் இருப்பேன். நல்லவேளை, சொல்லவில்லை.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் இரண்டு துண்டு கொடுத்தனுப்பு. புதிது வேண்டாம். நீ துவைத்து மடித்த பழையதே போதும்.

வேலைக்குக் கூட்டிப்போகிற வேன் ஹாரன் அடிக்கிறது. லீவுக்கு வரும்போது தம்பியிடம் கார் பிடிக்க வேண்டாம் என்று சொல். அந்தப் பஸ்ஸில்தான் வந்து இறங்குவேன்.

உன்னவன்