இறங்காத தோள்

அன்புள்ள பவுனு,

நீ நலமா, உன் கோபம் நலமா?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். லேசான சுளுக்கு என்று சொன்னது பொய். ஒரு வாரமாகக் கழுத்து திரும்பவில்லை. யார் கூப்பிட்டாலும் மாட்டுவண்டி மாதிரி முழு உடம்பையும் திருப்புகிறேன். போனில் சொன்னால் பஸ் ஏறி வந்துவிடுவாய். எக்ஸ்ரே எடுத்துக் காட்டினால்தான் இனி வாழைத்தார் தூக்கலாம் என்று இங்கே ஸ்ரீரங்கம் மண்டிக்காரர் சொல்லிவிட்டார்.

எக்ஸ்ரே எடுக்கும் ஜெயக்குமார் என் உயிரை வாங்கிவிட்டார். என் தோள் கழுத்தெலும்பை மறைக்கிறதாம். தோள் கீழே இறங்க, இரண்டு கையிலும் மணல் பை கொடுத்தார். வாங்கியதும் ஒன்றைத் தோளில் ஏற்றிவிட்டேன்.

"அண்ணே, தூக்காதீங்க, சும்மா தொங்க விடுங்க!"

"இருபது வருஷமா சுமைன்னா தோளுக்குத்தாங்க போகுது. நான் என்ன பண்றது?"

இப்படியே மூன்று படம் வீண். நாலாவதில் எலும்பு நன்றாகத் தெரிந்தது. வெறும் பிடிப்புதான், திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர்.

துறையூர் பஸ்ஸில் தைலமும், தலையணையில் சுற்ற உன் பழைய சேலை ஒன்றும் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

மூன்றாவது படம் எடுக்கும்போது மணல் பை நழுவி ஜெயக்குமாரின் காலில் விழுந்தது. அவர் காலையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அவர் ஆடாமல் இருந்ததால் ஒரே படத்தில் முடிந்தது.

அவசரமாக,
வீரமலை