நீங்கள் இல்லாமல் போட்ட ஊசி

"ஏங்கண்ணு, என்ன பண்றே?" என்று தெருவிலிருந்தே கேட்டுக்கொண்டு உள்ளே வரும் என் நங்கையாவுக்கு,

கோகிலா எழுதுகிறேன். புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக அதைச் சொல்லிவைக்கிறேன். பன்னிரண்டு வருஷம் ஒரே பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் மெஷினில் தைத்தேன், நீங்கள் செக்கிங் டேபிளில் நின்றீர்கள். ஒரே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டோம். சண்டை போட்டோம், இரண்டு நாள் பேசாமல் இருந்தோம், மூன்றாம் நாள் நீங்களே வந்து வாயைப் பிடுங்குவீர்கள். கோபித்துக்கொள்வதற்குக் கூட எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது, நங்கையா.

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. வீரபாண்டியில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு அதே கட்டிங் டேபிள், அதே இருமல். அத்தை இப்போது சர்க்கரைக்கான இன்சுலினைத் தானே போட்டுக்கொள்கிறார். நீங்கள் இருந்தவரை சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து உங்கள் அம்மாவுக்கு ஊசி போடுவீர்கள். நான் குழந்தைக்கு வைத்தியம் ஆரம்பித்த பிறகு எனக்கும் சேர்த்துப் போட்டீர்கள். "ஆஸ்பத்திரியே வெச்சரலாமாட்டிருக்குது, வரிசையா வாங்க" என்று சிரிப்பீர்கள். வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் எடுத்துவிடுவீர்கள்.

அந்தத் தடவை ஊசி ஆரம்பித்த ஒன்பதாம் நாள்தான் நீங்கள் செக்கிங் டேபிளிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நான் பக்கத்து லைனில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டியில் எனக்கு இடம் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு நான் உங்களைப் பார்க்கவில்லை.

இதைத்தான் இத்தனை நாளும் சொல்ல முடியாமல் இருந்தேன். உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். இரண்டே தெரு. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை எடுத்துக்கொண்டு வந்து உங்களுக்குப் போர்த்த வேண்டியவள் நான், தம்பி பெண்டாட்டி. ஆனால் வயிற்றில் பிள்ளை உள்ளவள் எழவு வீட்டுக்குப் போகக்கூடாதாம். எனக்குப் பிள்ளையே இல்லை, பிள்ளைக்கான ஊசிதான் போட்டிருந்தது. அதற்கே வேண்டாம் என்றார்கள். அத்தையே சொன்னார்: "நீ வர வேண்டாங் கண்ணு. இத்தன நாள் போட்ட ஊசி வீணாப் போயிரோணுமா?"

பெற்ற மகளைக் கிடத்தி வைத்துக்கொண்டு அதை யோசித்திருக்கிறார். ஏழு மணிக்கு மறக்காமல் தெருமுனை கிளினிக் நர்சம்மாவை வேறு அனுப்பிவைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு நான் ஊசி போட்டுக்கொண்டேன். அழுகைச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. பெரிய மாமியார் மருமகள் கோடியைப் போர்த்தினாளாம். நான் ஏன் கதவைத் திறந்துகொண்டு ஓடிவரவில்லை? யார் பிடித்து வைத்திருந்தார்கள் என்னை? எவ்வளவோ பேரை எதிர்த்துப் பேசுகிற வாய், அன்றைக்கு மட்டும் ஏன் சரி சரி என்றது?

அந்தத் தடவை கரு நிற்கவில்லை. அது உங்களுக்குத் தெரியாது.

இப்போதைய கதைக்கு வருகிறேன். கருமுட்டை குறைந்துகொண்டே வருகிறது, இனித் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்கு முப்பத்தெட்டு நடக்கிறது. ஆனால் உங்களுக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை. துக்கம் முடியாத வீட்டில் நான் பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொண்டு நிற்பதை அத்தையிடம் எந்த மூஞ்சியோடு சொல்வது? உங்கள் தம்பியிடம் மட்டும் சொல்லி, மருந்தை முன்கூட்டியே வாங்கி வைத்து, திருட்டுத்தனமாக ஆரம்பித்தேன்.

மாதவிலக்கான இரண்டாம் நாள் பன்னிரண்டு மணிக்கு ஸ்கேன். அரை நாள் பெர்மிஷன் வாங்கியிருந்தேன். அன்று குழந்தைகள் உடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும் அதன் முதுகு. பத்தரை மணி இருக்கும், மனசெல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்க, வலது ஆள்காட்டி விரலை மெஷின் உள்ளே இழுத்துவிட்டது. ஊசி நகத்தைத் துளைத்து உடைந்தது. "அம்மா" என்றேன். பெரிய காயம் ஒன்றும் இல்லை, தையல்காரிகளில் விரலில் ஊசி ஏறாதவள் யார்? பேண்டெய்டு சுற்றிக்கொண்டேன்.

ஆனால் சட்டம் உங்களுக்குத் தெரியுமே. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் பொறுக்கி நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு துணுக்கு குறைந்தாலும் லைனை நிறுத்திவிடுவார்கள். அது கிடைக்கும்வரை யாரும் இடத்தைவிட்டு நகர முடியாது. எனக்கு முனைத் துண்டு கிடைக்கவில்லை. தரையில் காந்தத்தை உருட்டிப் பார்த்தேன், மடியை உதறினேன், இல்லை. மணி பதினொன்று. மெஷின் தட்டுக்கு அடியில் எப்போதோ உடைந்த ஊசியின் முனை ஒன்று எண்ணெய் அழுக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்து நோட்டில் ஒட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஆமாம். நான்தான் செய்தேன். ஒவ்வொரு குழந்தை உடுப்புக்குள்ளும் உள்ளங்கையை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் அடுத்த பீஸைத் தொடுவீர்கள் நீங்கள். "எந்த ஊட்டுக் கொழந்தையோ, நம்மள நம்பியல்லோ போடறாங்க" என்பீர்கள். உங்களோடு பன்னிரண்டு வருஷம் சாப்பிட்டவள் செய்த வேலை இது. பஸ்ஸில் போகும்போது, கடைசியில் ஊசி பிடிக்கிற மெஷின் இருக்கிறதல்லவா, அதில் மாட்டிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஸ்கேன் நல்லபடியாக முடிந்து, அன்றைக்கே ஊசி ஆரம்பிக்கச் சொன்னார்கள். ஏழு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பொடி மருந்தில் தண்ணீர் மருந்தைக் கலந்து ஏற்ற வேண்டும். விரல் வீங்கி மடங்கவே மாட்டேன் என்கிறது. இடது கையால் முயன்றால் குப்பி வழுக்குகிறது. உங்கள் தம்பியைக் கூப்பிட்டேன். மனுஷன் ஊசியைக் கையில் வாங்கினார், நெற்றியெல்லாம் வேர்த்தது, அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டார்! எனக்கு ஊசி போட வந்தவருக்கு நான் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் ஞாபகம் வந்து அழுதேன். நர்சம்மாவைக் கூப்பிட்டால் விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

கதவைத் தட்டாமலே அத்தை உள்ளே வந்தார்.

"கொண்டா இப்படி. எப்படிக் கலக்கறதுன்னு மட்டுஞ் சொல்லு."

"அத்தை, உங்களுக்கு எப்படிங்க..."

"தயிர்ப் போசிக்குப் பின்னால ஒளிச்சு வெச்சா எனக்குத் தெரியாதா? என்ற இன்சுலினும் அந்த ஃப்ரிட்ஜுலதான கண்ணு இருக்குது. ரெண்டு நாளாப் பாத்துட்டுதான் இருக்கறேன், எப்பச் சொல்லுவீன்னு."

"வருஷந் திரும்பலீங்களே அத்தை. அதான்..."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சொன்னபடி கலந்து, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார். நீங்கள் பிடிக்கிற அதே மாதிரி, நங்கையா. ஊசியை எடுத்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

நாலு நாள் அப்படிப் போனது. விரல் மட்டும் அடங்கவில்லை. விண்விண் என்று தெறித்தது. வலி மாத்திரை கருவுக்கு ஆகாது என்று யாரோ சொன்னது காதிலேயே இருந்ததால் ஒன்றும் போடவில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசி, துணியைச் சுற்றி, கம்பெனிக்கும் போய்வந்தேன். அத்தை காட்டச் சொன்னால் ஒன்றும் இல்லீங்க என்றேன். டாக்டரிடம் காட்டினால் எக்ஸ்ரே என்பார்கள், ஊசியை நிறுத்தச் சொல்வார்கள். அந்தப் பயம்தான். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு கொதித்தது. அன்று மறுபடி ஸ்கேன். அத்தை நானும் வாறேன் என்று கிளம்பிவிட்டார்.

டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆறு முட்டை தெரியுதும்மா. போன தடவை நாலுதான் வந்துச்சு. நல்லா வளருது."

ஆறு! எழுந்து அத்தையைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்போதுதான் அத்தை, "இவ கையக் கொஞ்சம் பாருங்கம்மா, காச்சலு வேற அடிக்குது" என்றாரே! முந்தானைக்குள் இருந்த கையை அவரே இழுத்து நீட்டிவிட்டார். துணியைப் பிரித்தால் சீழ். அத்தை மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, பெற்ற தாயாக இருந்தாலும் அந்த நிமிஷம் மன்னித்திருக்க மாட்டேன்.

கீழே கொண்டுபோய், வயிற்றுக்கு மேல் கனமான உறையைப் போட்டு, விரலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள். நகத்துக்கு அடியில் வெள்ளையாக ஒரு துணுக்கு. நொய்யரிசியில் பாதி இருக்கும். ஊசி முனை.

நான் சிரித்துவிட்டேன். என் விரலில்தான் இருக்கிறது, எந்தக் குழந்தையின் உடுப்பிலும் இல்லை. ஐந்து நாளாக யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. எக்ஸ்ரே எடுத்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மரத்துப்போக மருந்து போட்டு அதை எடுத்தார்கள். மேலே வந்தால் டாக்டரம்மா எனக்காகக் காத்திருந்தார். "காய்ச்சலும் சீழும் இருக்கறப்போ ஊசியைத் தொடர முடியாதும்மா. இந்த மாசம் நிறுத்திடலாம்."

"சின்னக் காயந்தானுங்களே..."

"சின்னக் காயம்தான். முதல் நாளே காட்டியிருந்தா எடுத்துட்டு அப்படியே தொடர்ந்திருக்கலாம். எதுக்கும்மா மறைச்சீங்க?"

ஆறும் போயிற்று, நங்கையா. அன்றைக்கு லைனை நிறுத்தித் தேடியிருந்தால், கிடைக்காத முனை விரலில் இருக்கிறது என்று கம்பெனியிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். ஒரு ஸ்கேன் தவறக்கூடாது என்று செய்த காரியம் ஆறையும் கொண்டுபோய்விட்டது. இதை யார் மேல் போடுவேன்? விதி மேலா? என் மேல்தான்.

மறுநாள் கம்பெனிக்குப் போய் சூப்பர்வைசர் ஜெபராணி அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். தென்காசிப் பக்கத்து அக்கா, கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "ஏட்டி, நீயா இப்படிச் செஞ்ச? அன்னிக்கே சொல்லிருந்தா நானே ஒன்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பம்லா!" என்று கத்திவிட்டு, பிறகு என்னோடு சேர்ந்து அவரும் அழுதார். வேறு துணுக்கு ஏதும் இருக்கிறதா என்று அன்றைக்குத் தைத்த பண்டிலை எல்லாம் பிரித்து மறுபடி பார்த்தார்கள். என்னைக் குழந்தைகள் லைனிலிருந்து எடுத்து நூல் வெட்டுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். நியாயம்தான். நான் எதற்காக அன்றைக்கு அவசரப்பட்டேன் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது.

ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். இன்னும் வராத ஒரு பிள்ளைக்காக உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். அதே பிள்ளைக்காக, எங்கோ பிறந்த ஒரு பிள்ளையின் சட்டையில் ஊசி இருந்தாலும் இருக்கட்டும் என்று பஸ் ஏறினேன். இப்படியெல்லாம் செய்துதான் ஒருத்தி அம்மா ஆக வேண்டுமா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அத்தை எனக்கு ரசம் விட்டுப் பிசைந்து சோறு ஊட்டினார், கையில் கட்டு இருந்ததால். பாதியில் நிறுத்தினார்.

"அன்னைக்கு உன்னய வர வேண்டாம்னு சொன்னனே கண்ணு, அது நான் பண்ணுன தப்பு. என்ற புள்ளைக்கு நீ கோடி போட்டிருக்கோணும். அவ உன்னயத்தான் தேடியிருப்பா."

இரண்டு பேரும் சோற்றை வைத்துக்கொண்டு அழுதோம். இந்தப் பதினோரு மாதத்தில் நாங்கள் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை. நான் அழுதால் அவருக்குத் தாங்காது என்று நான் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவரும் அப்படியேதான் இருந்திருக்கிறார்.

விரல் ஆறிவிட்டது. அடுத்த மாதம் மறுபடி ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. எத்தனை முட்டை வரும் என்று யாருக்கும் தெரியாது. அதே வாரத்தில்தான் உங்கள் வருஷத் திதியும் வருகிறது. ஊசி போட்டவள் அங்கே எதற்கு என்று சொந்தத்தில் இப்போதே இரண்டு பேர் கேட்டாகிவிட்டது.

நான் வருவேன், நங்கையா. பிள்ளை தங்குமோ தங்காதோ, நான் வருவேன். அன்றைக்குப் போர்த்தாத கோடியை வாங்கி வந்து உங்கள் படத்துக்கு முன்னால் வைப்பேன். சாயங்காலம் ஊசிக்கு நேரமானால் எழுந்து வீட்டுக்கு ஓட மாட்டேன். உங்கள் வீட்டிலேயே, உங்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து போட்டுக்கொள்வேன். மருந்தைப் பையில் எடுத்துக்கொள்கிறேன் என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

உங்கள் முகம் பார்க்க வராத,
இந்தத் தடவை கட்டாயம் வரப்போகிற,
உங்கள் தம்பி பெண்டாட்டி
கோகிலா