ளுஹர் நேரத்துத் தண்ணீர்க் காவல்

டீச்சர்,

அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. அடித்தட்டில் உங்கள் அட்டைகள். சாரிப் பெட்டிகளை வெட்டி, மருதமுனைத் தறி நூலில் கோத்து, பிள்ளைகளின் கழுத்தில் மாட்டுவதற்காக நீங்கள் செய்தவை. போடியார், வட்டவிதானை, மேல்வயல், கடைவயல் என்று உங்கள் குண்டு குண்டான எழுத்து. அட்டை ஒன்றும் தொலையவில்லை, நூல்தான் சில இடங்களில் அறுந்துவிட்டது. நாளைக் காலையில் இவை தேவை. எல்லாவற்றுக்கும் முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, அஸர் தொழுத கையோடு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கல்முனையில் முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவள். நீங்கள் பக்கத்துக் காரைதீவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விவசாயம் படிப்பித்தீர்கள். இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் சேர்த்து ஏதாவது செய்யுங்கள் என்று மேலிடத்தில் சொன்னபோது, கேக் வெட்டிப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். நீங்கள் ஸ்கூட்டியை நிறுத்திய கையோடு, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னீர்கள்: "டீச்சர், உங்கட புத்தகத்தில வட்டவிதானைக்கு ரெண்டு வரிதான் கிடக்கு. தண்ணி பங்கிடுறவன்ட பாடு ரெண்டு வரியில முடியுமா? புள்ளைகளையே வட்டவிதானை ஆக்கி விடுவம். மறுகா பாருங்க."

அப்படித்தான் எங்கள் பள்ளி மைதானத்து மணலில் வாய்க்கால் வெட்டினோம். நிலம் வைத்திருந்த போடியார்களின் அந்தக் காலத்து வயல்வெளி அது. மூன்று வயல், ஒரு வாய்க்கால், தலைப்பில் ஒரு பீப்பாய்த் தண்ணீர். மூன்று வயலிலும் ஊன்றிய நாற்று வாடாமல் நின்றால்தான் எல்லோருக்கும் வெற்றி. ஒரு வயல் காய்ந்தாலும் எல்லோருக்கும் தோல்வி. முதல் வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு மேல்வயலும் நடுவயலும், உங்கள் பிள்ளைகளுக்குக் கடைவயல். வட்டவிதானை எங்கள் ஷிஃபானா.

மதியத் தொழுகைக்கு ளுஹர் பாங்கு சொன்னது. எங்கள் பிள்ளைகள் தொழப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் மேல்வயலுக்கும் நடுவயலுக்கும் தண்ணீர் திறக்கும் வக்கடைகள் களிமண்ணால் இறுக அடைபட்டிருந்தன. பீப்பாயில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதும் கடைவயலில் தளும்பிக்கொண்டிருந்தது. உங்கள் தர்ஷினியின் முழங்கை வரைக்கும் களி.

"நாங்க தொழப் போன நேரம் பாத்துக் களவெடுத்திரிக்கீங்க," என்றாள் ஷிஃபானா. அந்தச் சொல்லுக்குப் பிறகு அது விளையாட்டாக இருக்கவில்லை. தொழுகை என்ற சொல் வந்துவிட்டால் நம்முடைய ஊர்களில் சின்னச் சண்டை எவ்வளவு தூரம் போகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "வாங்க புள்ளையள், போதும். வகுப்புக்குப் போவம்," என்று சத்தம் போட்டேன்.

நீங்கள் யாரையும் ஏசவில்லை. "தண்ணிக்குக் காவல் ஆரெண்டு நாம சொல்லவே இல்லையே டீச்சர். பிழை நம்மட பக்கம்," என்றீர்கள். பிறகு எல்லோரையும் வேப்பமர நிழலில் உட்கார வைத்தீர்கள். "அட்டையக் கழட்டாதீங்க. இது வயல்காரர்ர கூட்டம். மேல்வயலும் கடைவயலும்தான் கதைக்கணும். இந்தப் பள்ளிக்கூடம், அந்தப் பள்ளிக்கூடம் எண்டு ஆரும் கதைக்கப்படாது."

தர்ஷினி அழுதுகொண்டே சொன்னாள்: "ரெண்டு தரம் தண்ணி விட்டீங்க. ரெண்டு தரமும் எங்களுக்கு வரல்ல. கேட்டதுக்கு, விளையாட்டுத்தானே எண்டு சிரிச்சீங்க." ஷிஃபானா தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்து அட்டையைப் பார்த்தபடியே, "ஓம், நான்தான் நம்மட ஆக்களுக்கு விட்டுக் குடுத்தன்," என்றாள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே இரண்டு தீர்மானம் எடுத்தார்கள். ஒவ்வொரு வயலிலும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கலந்து நிற்க வேண்டும். ளுஹர் நேரத்தில் தண்ணீருக்குக் காவல் காரைதீவுப் பிள்ளைகள். முதல் காவலைத் தர்ஷினி கேட்டு வாங்கினாள். மறுநாள் பீப்பாயை நிரப்பித் திரும்பத் தொடங்கினோம்; ளுஹர் நேரம் நான் ஜன்னலால் பார்த்தேன். வெயிலில் வாய்க்காலுக்குள் காலை ஊன்றியபடி அசையாமல் நின்றாள். எங்கள் பிள்ளைகள் தொழுதுவிட்டு வந்தபோது தண்ணீர் வைத்த அளவிலேயே இருந்தது. அந்த வருடம் மூன்று வயலும் பச்சையாக நின்றன.

அதன் பிறகு நாம் ஒரு வருடமும் விட்டதில்லை. போன வருடம் கீமோ ஏற்றிய கையோடு தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து, "இப்ப நானும் உங்களப்போல முக்காடு," என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு எங்கள் அதிபர் கூப்பிட்டு, "இந்த முறை நம்மட புள்ளைகளோட மட்டும் வைப்பமே டீச்சர், கரைச்சல் இல்லதானே," என்றார். முடியாது என்று சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்து உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உங்கள் கதிரையில் வேறொருவர் இருந்தார். அங்கேயும் தயங்கினார்கள். "அவ இருந்தா, நம்பி விட்டம். இனி எங்கட புள்ளைகளோட ஆர் நிக்கிற?" என்று கேட்டார்கள். "நான் நிக்கிறன். கடைவயல்ல," என்றேன். என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். தேநீர் ஆறும் வரைக்கும் எழும்பவில்லை. கடைசியில் சம்மதித்தார்கள்.

நாளைக்கு நான் கடைவயல் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த முதல் வருடம், எல்லாம் முடிந்து பைப்படியில் கால் கழுவும்போது நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்: "ஷிஃபானா கடைவயலுக்குத் தண்ணி விடாதத நீங்க கண்டீங்களா டீச்சர்?" நான் இல்லை என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பைப்பை மூடினீர்கள். பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அன்றைக்கு நான் வாய்க்கால் பக்கத்திலேயே நின்றேன் டீச்சர். இரண்டு தரமும் கண்டேன். என் பள்ளிப் பிள்ளைகள் வெல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். களவு என்ற சொல் வந்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை. உங்கள் பிள்ளை எல்லோர் முன்னாலும் அழுதாள், என் பிள்ளை எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொண்டாள். நான் மட்டும் தப்பிக்கொண்டேன்.

நாளைக் காலையில், பீப்பாயைத் திறப்பதற்கு முன்னால், இரண்டு பள்ளிப் பிள்ளைகளையும் அந்த வேப்பமரத்தடியில் உட்கார வைத்து இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன். நீங்கள் கேட்ட கேள்வியையும் சொல்வேன். இத்தனை வருடம் பிந்திய பதிலையும் சொல்வேன்.

ஓம் டீச்சர், கண்டன்.