சூப்பர்வைசர் கொண்டுவந்த சிவப்பு ஒயின்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நானும் என் தொப்பையும் நலம். நீயும் அத்தையும் நலந்தானே?

லீவு கேட்கலாமென்று கிடங்கு சூப்பர்வைசரை ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் தென் அமெரிக்கச் சிவப்பு ஒயினோடு வந்தார். கரண்டிக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளினேன்; கால்வாசி ஒயின் என் வெள்ளைச் சட்டைக்குப் போனது. நான் வைத்த கோழிக் குழம்பில் காரம் தூக்கல். கண் கலங்கி, ஒயினை மடமடவென்று குடித்தேன்.

"மெதுவாய்யா, இது மோர் இல்ல!" என்றார். ஆனால் அவரும் மூக்கைத் துடைத்துக்கொண்டே மூன்று முறை குழம்பு வாங்கினார்.

ஒயின் கொடுத்த தைரியத்தில் வாய் திறந்தேன். "சார், வீட்டுக்காரிய பாத்து ரெண்டு வருசமாச்சு."

"ஒரு மாசம் போய்ட்டு வா. அப்படியே குழம்பும் கத்துக்கிட்டு வா!"

அடுத்த மாதம் வருகிறேன். அதுவரைக்கும் மிளகாய்த்தூள் அளவை எழுதி அனுப்பு. கைப்பிடி என்று மட்டும் எழுதாதே; உன் கை இங்கே இல்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்