என் மகளின் ஞானத் தகப்பனுக்கு உதவி கொடுக்காதீர்கள்

அனுப்புநர்:
திருமதி அகஸ்ரீனா சுவாம்பிள்ளை,
கபோ சந்தைப் பகுதி,
பலெர்மோ.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
போர் அகதிகள் உதவிப் பிரிவு,
பலெர்மோ.

விடயம்: போரில் ஊர்மக்களைக் காட்டிக்கொடுத்த ஜோக்கிம் என்பவருக்கு வீடும் மாதப்படியும் வழங்குவதை நிறுத்தக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மன்னாரைச் சேர்ந்தவள். இங்கே வீட்டுவேலை செய்கிறேன். இம்மனுவை என் மகள் யூலியானா இத்தாலிய மொழியில் பெயர்த்து இணைத்திருக்கிறாள். மேற்படி ஜோக்கிம் அவளுடைய ஞானத் தகப்பன். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தியவர்.

2. 1990ஆம் ஆண்டு படையினர் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்து, ஆண்களைக் கோயில் வளவில் வரிசையாக நடக்கவிட்டனர். சாக்கால் முகத்தை மூடிய ஒருவர் ஜீப்பில் இருந்தார். அப்படிப்பட்டவரைத் ‘தலையாட்டி’ என்போம். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். என் கணவர் சுவாம்பிள்ளையைக் கண்டதும் ஆட்டினார். பிறகு வெயில் தாங்காமல், தண்ணீர் குடிக்கச் சாக்கை உயர்த்தினார். நான் மதிலோரம் நின்று பார்த்தேன். அது ஜோக்கிம். என் கணவர் திரும்பி வரவேயில்லை.

3. அந்த மனிதர் இன்று உங்கள் அலுவலகத்தில் ‘போரால் பாதிக்கப்பட்டவர்’! ஊர்க்காரன் என்று யாராவது வந்து நின்றால், எங்கள் ஆட்கள் ஒன்றும் விசாரியாமல் சாட்சிக் கையெழுத்து வைத்துவிடுவார்கள். அது எங்கள் பழக்கம். இவருக்கும் இருவர் அப்படித்தான் வைத்தார்கள். அவர்களை நான் குறைசொல்லவில்லை. சுற்றிவளைப்பின்போது அவர்கள் அங்கே இருக்கவில்லை.

4. நான் மனு எழுதப்போவதை அறிந்த ஜோக்கிம், கடந்த ஞாயிறு பூசை முடிந்ததும் புனிதமலர் என்ற பெண்ணிடம் சொல்லி அனுப்பினார். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “அக்கா, நீங்கள் பேசாமல் இருந்தால், அண்ணையை எங்கை தாட்டவை எண்டு சொல்லுவாராம். மனுக் குடுத்தால் சாகுமட்டும் வாய் திறக்கமாட்டாராம்.”

ஐயா, என் கணவர் இறந்ததும் புதைக்கப்பட்டதும் எனக்கு அப்போதுதான் உறுதியாயிற்று. இத்தனை வருடமும், சேமக்காலைக் கல்லறைகளில் எல்லோரும் மெழுகுதிரி கொளுத்தும் நாளில், கொளுத்துவதா விடுவதா என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். அந்த இடத்தை அறிய என் நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். ஆனாலும் என்ன துணிவு அவருக்கு! தான் காட்டிக்கொடுத்த மனிதனின் குழியைக் காட்டி என் வாயை அடைக்கப் பார்க்கிறார். அது நடக்காது.

5. ஆகையால், அவருக்கான உதவியை மறுத்து, அவரை அழைத்து விசாரிக்குமாறு பணிவுடன் கேட்கிறேன். அவர் முகத்துக்கு நேரே நின்று சாட்சி சொல்வேன்; வேலைவீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் லீவும் கேட்டுவிட்டேன். சுவாம்பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்றும் தயவுசெய்து அவரிடம் கேளுங்கள்.

அவர் பதில் சொன்னாலும், உதவியைக் கொடுக்காதீர்கள்.

தங்கள் அழைப்பை எதிர்பார்த்திருக்கும்,
அகஸ்ரீனா சுவாம்பிள்ளை
(கையொப்பம்)

இடம்: பலெர்மோ
திகதி: 28.10.1996