பென்சிலில் எழுதாத எடை

அன்புள்ள சுண்டெலிக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் நலம் என்று நம்பித்தான் எழுதுகிறேன், இல்லையென்றால் மட்டும் நீ வாய்திறந்து சொல்லிவிடப் போகிறவளா என்ன. அப்பாவுக்கு முதுகுவலி தேவலை. தம்பி உன் அறைக்குக் குடிபோய்விட்டான், கேட்டால் காவல் காக்கிறானாம். காலையில் நீ இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாய், எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இப்போது மணி பிற்பகல் இரண்டு. எங்கள் தீவிர சிகிச்சை வார்டில் மூன்றாம் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கட்டிலில் ஏழு மாதப் பையன், நிமோனியா. முந்தாநாள் மூச்சு நிற்கும் நிலையில் கொண்டுவந்தார்கள், தொண்டையில் குழாய் இறக்கி, அது உறுத்தாமலிருக்கத் தூக்க மருந்து ஏற்றி மெஷினில் வைத்தோம். எங்களுக்கு எல்லா மருந்தும் எடைக் கணக்கு என்று உனக்குத் தெரியும். அவசரத்தில் எடைபோட முடியாது, கண்ணால் மதிப்பிட்டு, தலைமாட்டு அட்டையில் பென்சிலால் எழுதுவோம். எடைபோட்ட பிறகுதான் பேனா. பேனாவில் இருந்தால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். அன்று என் பையில் பென்சில் இல்லை. அவன் கன்னத்தைப் பார்த்து ஏமாந்து, ஒன்பது கிலோ என்று பேனாவால் எழுதினேன், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. மறந்தேபோனேன். இன்று காலை ஆறுக்குத் தூக்க மருந்தை நிறுத்தினோம், பத்து மணியாகியும் அசைவில்லை. மூத்த நர்ஸ் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இத யாரு எடபோட்டது டாக்டர், நான் போடலயே என்றார். போட்டோம். ஆறரை கிலோ. இரண்டு நாளும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மருந்து போயிருக்கிறது. இவ்ளோ அழகா எழுதுனா எல்லாரும் நம்பத்தானே செய்வாங்க என்றார் அவர். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

துறைத்தலைவர், முழிச்சதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம், இப்ப எதுக்கு அவங்கள கலக்கணும் என்றார். முழித்துவிட்டால் சொல்ல எனக்கு மனம் வராது, என்னை எனக்குத் தெரியும். போய்ச் சொல்லிவிட்டேன். பையனின் அப்பா லாரி ஓட்டுகிறவர், கத்துவார் என்று நின்றேன். கணக்கெல்லாம் எனக்குப் புரியல டாக்டரம்மா, முழிப்பானா மாட்டானா என்றார். முழிப்பான் என்றுதான் நினைக்கிறேன், சத்தியம் செய்ய முடியாது என்றேன். அதுவரை சுவரைப் பார்த்திருந்த அம்மாக்காரி, அப்ப நீங்க இங்கயே இருங்க, எங்கயும் போகாதீங்க என்றாள். இன்றைக்கு அவள் கேட்டது அது ஒன்றுதான். அதனால்தான் போனை வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மணி மூன்றே கால். இப்போது நர்ஸ் குழாயில் சளி உறிஞ்சியபோது அவன் முகத்தைச் சுளித்து இருமினான், இடது காலால் அவர் கையை ஓர் உதை விட்டான். கண் இன்னும் திறக்கவில்லை. அம்மாக்காரி என்னைப் பார்க்காமலே, உதைக்கிறான்ல என்றாள். ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை நீயும் பயிற்சி டாக்டராக வார்டில் இறங்குகிறாய். வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே தூங்காதே. ஆயுசோடும் தெளிந்த புத்தியோடும் இரு கண்ணு. பையில் இரண்டு பென்சில் வைத்துக்கொள், ஒன்று தொலையும். நாளைக் காலை நானே கூப்பிடுகிறேன். அட்டையில் ஒன்பதை அடித்து ஆறரை என்று எழுதிவிட்டேன், அடித்த ஒன்பது கண்ணுக்குத் தெரியும்படி, பக்கத்தில் என் கையெழுத்தோடு.

மூன்றாம் கட்டில் பக்கத்திலிருந்து,
உன் அம்மா